பிளக் நுழைந்தால் போதுமா? வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் மின்சாதனங்களுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

என் மேசை டிராயரில் ஒரு டிராவல் அடாப்டர் கிடக்கிறது. வெள்ளை நிறம். ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறி, பின் வெளியே வரும் இடத்தில் பிளாஸ்டிக் உருகி மடிந்திருக்கும். ஜெர்மனியில் ஒரு வாடகை அறையில், காலை நேர அவசரத்தில் சட்டை தேய்க்கப்போய் நடந்ததன் மிச்சம் அது. ஸ்டீம் அயர்ன் 2000 வாட். அடாப்டரின் அடியில், கண்ணாடி போட்டால் மட்டும் தெரியும் எழுத்தில், 6 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7. நாலு விநாடிக் கணக்கு. அதைப் போட்டுப் பார்க்கவில்லை. சட்டையின் இரண்டாவது கையை விரிக்கும்போதே பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்துவிட்டது.

ஆறிய பிறகு ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பார்த்தேன். அயர்னின் மூன்று பின்னும் நுழைய மூன்று துளை இருந்தது. எர்த் துளைக்குப் பின்னால் எதுவுமே இல்லை, வெறும் பிளாஸ்டிக் குழி. அதாவது இரும்பு அடித்தட்டுள்ள ஒரு சாதனத்தை எர்த் இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கருகியதைவிட இதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அந்த ஊரில் என்ன பிளக்?" கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கடைசியாகக் கேட்க வேண்டியது. பிளக் நுழைவது வேறு, சாதனம் அந்த ஊர்க் கரண்ட்டுக்கு ஒத்துப்போவது வேறு, நடுவில் மாட்டுகிற சமாச்சாரம் அந்தச் சுமையைத் தாங்குவது வேறு. அடாப்டர், கார்டு (சுவரிலிருந்து சாதனத்துக்குப் போகும், கழற்றி மாட்டும் வயர்) மாற்றுவது, பிளக்கை வெட்டி மாற்றுவது, டிரான்ஸ்பார்மர், பேசாமல் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது என்று வழிகள் பல. எதற்கு எது என்பதைச் சாதனத்தின் லேபிள்தான் சொல்லும்.

முதலில் லேபிள்

சாதனத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். சார்ஜர் என்றால் பின்னுக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். 'இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. லேப்டாப் சார்ஜர், போன் சார்ஜர், கேமரா சார்ஜர், டிரிம்மர் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். உலகத்தில் எந்த நாட்டு வீட்டு மின்சாரமும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். இவற்றுக்குப் பிளக்கின் வடிவம் மட்டும்தான் பிரச்சினை.

'220-240 வோல்ட்' என்றோ '120 வோல்ட்' என்றோ ஒரே எண் இருந்தால் கதை மாறுகிறது. உலகம் ஏறக்குறைய இரண்டு கட்சி. ஐரோப்பா, இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி எல்லாம் 220 முதல் 240 வரை. அமெரிக்காவும் கனடாவும் 120, தைவான் 110, ஜப்பான் 100.

இதில் சூடாக்கும் சாதனங்களின் கணக்கு கொஞ்சம் கொடூரமானது. வோல்டேஜ் பாதியானால் சூடும் பாதியாகும் என்று தோன்றும். ஆகாது, கால் பங்காகும். வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் வாட் ஏறி இறங்கும். 230 வோல்ட்டுக்கான 2000 வாட் அயர்னை 120 வோல்ட்டில் மாட்டினால் ஏறக்குறைய 540 வாட்தான் கிடைக்கும். ஆபத்தில்லை, ஆனால் சட்டைச் சுருக்கம் அசையாது. திருப்பிப் போட்டால்தான் விபரீதம்: 120 வோல்ட்டுக்கான 1000 வாட் ஹேர் டிரையரை 230-ல் மாட்டினால் அது 3600 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். ஃபியூஸ் போனால் உங்கள் அதிர்ஷ்டம்.

பிளக் வடிவத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றும் நாடுகள் இருக்கின்றன. பிலிப்பைன்ஸில் சாக்கெட் அமெரிக்கப் பாணி, இரண்டு தட்டைப் பின். ஆனால் வருவது 220 வோல்ட்டுக்கு மேல். அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் சாதனம் அங்கே எந்த அடாப்டரும் கேட்காமல் சமர்த்தாக நுழையும், அப்புறம் புகையும். பிரேசில் இன்னும் விசேஷம்: நாடு முழுக்க ஒரே வடிவ சாக்கெட், சில ஊர்களில் 127 வோல்ட், சில ஊர்களில் 220. அங்கே சாக்கெட்டைப் பார்த்து வோல்டேஜை ஊகிக்கவே முடியாது, வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

லேபிளில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று வாட் அல்லது ஆம்பியர். இன்னொன்று, சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி. அது இருந்தால் இரட்டைக் காப்பு உள்ள சாதனம், எர்த் தேவையில்லை. அது இல்லாமல் பிளக்கில் மூன்றாவது பின் இருந்தால் எர்த் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தவறவிட்டது இதைத்தான்.

வடிவங்கள்: எங்கே தடுக்கும்

பிளக் வகைகளுக்கு ஏ முதல் ஓ வரை எழுத்து கொடுத்திருக்கிறார்கள். பதினைந்தையும் மனப்பாடம் செய்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

'ஐரோப்பிய பின்' என்று விற்பதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று சி வகை, 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு ஒல்லிப் பின். 2.5 ஆம்பியர் வரைதான். சார்ஜருக்குப் போதும், அவ்வளவே. இன்னொன்று 4.8 மில்லிமீட்டர் தடித்த பின்னோடு, பக்கவாட்டில் எர்த் பட்டையும் உள்ளது, 16 ஆம்பியர் தாங்கும். ஜெர்மனியில் எஃப் வகை, அதாவது சுக்கோ. சாக்கெட்டின் பக்கங்களில் எர்த் கிளிப் இருக்கும். பிரான்சில் ஈ வகை, சாக்கெட்டிலிருந்தே ஒரு எர்த் பின் நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது வரும் தடித்த பிளக்குகள் பெரும்பாலும் இரண்டு நாட்டுக்கும் பொருந்தும் கலப்பு வடிவம். இவை சுவிட்சர்லாந்தின் சாக்கெட்டிலும் இத்தாலியின் பழைய மூன்று துளை சாக்கெட்டிலும் நுழையாது. ஒல்லிப் பின் மட்டும் நுழையும். 'ஐரோப்பா முழுக்க ஒன்றுதான்' என்று சொல்கிறவர் ஜூரிச்சில் இறங்கிப் பார்க்கவில்லை.

சுக்கோ சாக்கெட் சுவரோடு தட்டையாக இருக்காது. வட்டமான குழிக்குள் துளைகள் இருக்கும். சதுர உடம்புள்ள அடாப்டரைக் கொண்டுபோனால் குழியின் விளிம்பிலேயே முட்டி நின்றுவிடும், பின் பாதிதான் உள்ளே போகும். பெட்டிப் படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

இந்தியா, இலங்கை, நேபாளத்தில் புழங்கும் டி வகை மூன்று உருண்டைப் பின், பழைய பிரிட்டிஷ் 5 ஆம்பியர் வடிவம். அதன் துளைகள் 5.1 மில்லிமீட்டர் பின்னுக்காகச் செய்தவை. அதில் 4 மில்லிமீட்டர் ஐரோப்பிய பின்னைச் செருகினால் நுழையும், ஆடும், அசைத்தால் பொறி தட்டும். லூஸ் கான்டாக்ட் என்றால் சூடு. சார்ஜர் என்றால் சில நாள் தாக்குப்பிடிக்கும், கெட்டிலைக் கொண்டு இந்த விளையாட்டு வேண்டாம்.

அதன் பெரிய அண்ணன் எம் வகை, 15 ஆம்பியர். தென்னாப்பிரிக்காவின் வீட்டு சாக்கெட் பல காலமாக இதுதான். 'உலகத்துக்கே பொருந்தும்' என்று அச்சிட்ட அடாப்டர்களில் பெரும்பாலானவற்றில் இந்த வகை கிடையாது. பின் அவ்வளவு பெரியது, உள்ளே மடக்க இடமில்லை. தென்னாப்பிரிக்கா போகிறவர் தனியாக வாங்கிக்கொண்டு போவதே நல்லது.

பிரிட்டன், அயர்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜி வகை, மூன்று சதுரப் பின். எல்லா வகையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காலில் மிதிக்காத வரையில். எர்த் பின் நீளமாக முதலில் நுழைந்து உள்ளே உள்ள மூடியைத் திறக்கும், பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கும். இந்த மூடியைப் பேனா மூடியாலோ கிளிப்பாலோ நெம்பித் திறந்து இரண்டு பின் சார்ஜரைத் திணிக்கும் வித்தையைப் பல விடுதி அறைகளில் பார்த்திருக்கிறேன். குழந்தைகளின் விரலைக் காக்க வைத்த மூடி அது. ஃபியூஸும் இல்லை, பிடிப்பும் இல்லை.

அமெரிக்காவும் ஜப்பானும் ஒரே ஏ வகை என்பார்கள். அமெரிக்க பிளக்கில் ஒரு தகடு மற்றதைவிட அகலமாக இருக்கும், சிலவற்றில் மூன்றாவதாக எர்த் பின்னும் இருக்கும். ஜப்பானிய வீடுகளின் சாதாரண இரண்டு துளை சாக்கெட் இரண்டையும் ஏற்காமல் போகலாம். எர்த் பின்னை அறுத்துவிட்டுச் செருகுகிறவர்களும் உண்டு. அந்தப் பட்டியலில் சேர வேண்டாம்.

எதையும் ஏற்கும் அடாப்டரா, ஒரு நாட்டு அடாப்டரா

இழுத்தால் ஒரு நாட்டுப் பின், தள்ளினால் இன்னொரு நாட்டுப் பின் வரும் யுனிவர்சல் அடாப்டர் பார்க்க அழகாக இருக்கும். பத்து நாளில் நாலு நாடு சுற்றுகிறவருக்கு, போனும் லேப்டாப்பும் மட்டும் சார்ஜ் செய்ய, அதைவிட வசதி இல்லை. நானும் ஒன்று வைத்திருக்கிறேன், இரண்டாவது.

அதன் குறைகள் அதன் வடிவத்திலேயே இருக்கின்றன. நகரும் பின் என்றால் உள்ளே நழுவும் தொடர்பு, நழுவும் தொடர்பு நாளாக ஆகத் தளரும். பெரும்பாலானவற்றில் எர்த் இணைப்பே இருக்காது. ஒரு கைப்பிடிக் கனம் இருப்பதால் தளர்ந்த சாக்கெட்டில் தலை தொங்கிவிடும். எந்த வடிவ பிளக்கையும் ஏற்கும்படி அகலத் துளை வைத்திருப்பதால் எதையும் இறுக்கிப் பிடிக்காது. தாங்கும் சுமையோ நான் பார்த்தவற்றில் 6 முதல் 10 ஆம்பியர்.

வாட் கணக்கையும் நாட்டுக்கு நாடு மாற்றிப் போட வேண்டும். 6 ஆம்பியர் என்பது 230 வோல்ட்டில் 1380 வாட், அதே அடாப்டர் 110 வோல்ட்டில் 660 வாட்தான். அட்டையில் பெரிய எழுத்தில் போடுவது முதல் எண்ணை.

எர்த் உள்ள சாதனம் ஒன்றாவது இருந்தால், அல்லது ஒரே நாட்டில் சில வாரம் தங்கினால், அந்த நாட்டுக்கென்றே செய்த, நகரும் பாகமே இல்லாத கட்டையான அடாப்டர்தான் என் தேர்வு. வாங்கும்போது இரண்டு முனையையும் பாருங்கள்: பின் பக்கத்தில் எர்த்துக்கு உலோகம் தெரிய வேண்டும், துளைப் பக்கத்திலும் எர்த் துளைக்குள் உலோகம் தெரிய வேண்டும். டார்ச் அடித்துப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். ஜி வகை அடாப்டர் என்றால் ஃபியூஸ் இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்பதையும்.

அடாப்டருக்கு அப்புறம் வீட்டிலிருந்து கொண்டுபோன எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டி, நாலு சார்ஜரை அதில் செருகுவது பலரும் செய்கிற உபாயம். நல்ல உபாயம்தான். நாலும் சேர்ந்து இழுப்பது அடாப்டரின் அளவுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவு. 120 வோல்ட் நாட்டில் வாங்கிய 'சர்ஜ் புரொடெக்டர்' உள்ள பாக்ஸை மட்டும் 230 வோல்ட் நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. 230 வோல்ட்டையே மின் எழுச்சி என்று நினைத்து உள்ளிருக்கும் பாகம் மொத்தத்தையும் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளும். முடிவு புகை.

இதற்கு நடுவில் சத்தமில்லாமல் ஜெயித்த ஒரு வழி இருக்கிறது. யூஎஸ்பி சார்ஜர். மூன்று, நான்கு துளை உள்ள ஒரே சார்ஜரை, போகும் நாட்டுப் பின்னோடு வாங்கிவிட்டால் போன், டேப்லட், ஹெட்போன், இப்போது பல லேப்டாப்புகளும் அதிலேயே ஓடும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன்களுக்கு யூஎஸ்பி-சி கட்டாயம் என்றது, லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28. சுவருக்கும் சாதனத்துக்கும் நடுவில் பின் வடிவச் சண்டை ஒரே ஒரு இடத்தில் முடிந்துவிடுகிறது. லேப்டாப்புக்கு எத்தனை வாட் வேண்டும் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். 65 வாட் கேட்பதற்கு 20 வாட் கொடுத்தால் சார்ஜ் ஏறுவதற்குள் விடிந்துவிடும்.

கார்டை மாற்றுவது: பலர் யோசிக்காத சுலப வழி

சாதனத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். வயர் உடம்போடு ஒட்டியிருக்கிறதா, கழற்றி மாட்டும்படி இருக்கிறதா? கழற்ற முடிந்தால் அடாப்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சுவர்ப் பக்கத்தில்தான் நாடுகளுக்குள் சண்டை. சாதனப் பக்கம் உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. கணினி, மானிட்டர், பிரிண்டர் எல்லாவற்றிலும் இருக்கும் அந்த மூன்று துளை முனைக்குப் பெயர் சி13. லேப்டாப் சார்ஜரில் மூன்று வட்டம் சேர்ந்தாற்போல இருக்கும், மிக்கி மவுஸ் என்று கடையில் கேட்டாலே எடுத்துக் கொடுக்கும் முனை சி5. ரேடியோ, சில டிவி, பிரிண்டர்களில் எட்டு எழுதினாற்போல இருப்பது சி7. இந்தப் பெயரில் உள்ள சி-க்கும் சி வகை பிளக்குக்கும் யூஎஸ்பி-சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்று சி-யையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடைக்காரரைத் திணறடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

போன ஊரில் அந்த நாட்டுப் பிளக் உள்ள கார்டு ஒன்று வாங்கினால் போதும். எர்த் ஒழுங்காகப் போய்ச் சேரும், பிடிப்பு இறுக்கமாக இருக்கும், ஜி வகை நாட்டில் ஃபியூஸும் கூடவே வந்துவிடும், அடாப்டரின் தலை தொங்கல் இல்லை. சாதனம் அந்த வோல்டேஜுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அடாப்டரையும் கார்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கார்டு என்பேன்.

கார்டு வாங்கும்போது வயரின் மேல் உரசிப் பார்த்தால் தெரியும் எழுத்தைப் படியுங்கள். 0.75 என்று ஒரு எண் இருக்கும், உள்ளே உள்ள கம்பியின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். கணினிக்கு அது தாராளம். சூடாகும் சாதனத்துக்கு 1 அல்லது 1.5 இருப்பதை எடுங்கள். கெட்டில், ரைஸ் குக்கர் போன்ற சிலவற்றின் கார்டு முனையில் சின்னதாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், அது சி15. சூடு தாங்கும் அந்தக் கார்டு மட்டும்தான் அந்தச் சாதனத்தில் நுழையும், சாதாரண கணினிக் கார்டு நுழையாது. கணினிக் கார்டில் அந்தப் பள்ளத்தைக் கத்தியால் வெட்டி நுழைத்த ஒரு நண்பர் எனக்கு உண்டு. அவருக்கும் ஒரு உருகிய ஞாபகப் பொருள் உண்டு.

பிளக்கை வெட்டி மாற்றுவது

வயர் உடம்போடு ஒட்டியிருக்கும் அயர்ன், மிக்ஸி, டேபிள் ஃபேன் போன்றவற்றுக்கு, வருடக்கணக்கில் ஒரு நாட்டில் தங்கப்போகிறீர்கள் என்றால், இதுதான் நிலையான வழி. பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நிறம்.

இன்று சர்வதேச வழக்கம்: பிரவுன் என்றால் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), நீலம் நியூட்ரல் (திரும்பிப் போகும் வயர்), பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பழைய பிரிட்டிஷ் வழக்கம், இந்தியாவின் வீட்டு வயரிங்கில் இன்றும் பார்க்கலாம்: சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்காவில் கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். ஒரே கறுப்பு வயர், ஒரு நாட்டில் சாந்தம், இன்னொரு நாட்டில் சாக்கடி. கறுப்பைப் பார்த்ததும் 'நியூட்ரல்தானே' என்று கை பழகிய எலெக்ட்ரீஷியன் ஒருவர் அமெரிக்க விளக்கு ஒன்றைத் தலைகீழாக இணைத்ததைப் பார்த்திருக்கிறேன். விளக்கு எரிந்தது. ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்பு மாட்டும் கூட்டில் கரண்ட் நின்றது. எரிகிறதே என்பது அத்தாட்சி ஆகாது.

எந்த பின் ஃபேஸ் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். சுக்கோவில் எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம், அதற்குக் கவலையில்லை. ஆஸ்திரேலியாவும் அர்ஜென்டினாவும் பார்க்க ஒரே ஐ வகை, சாய்ந்த இரண்டு தகடு, கீழே ஒன்று. ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் அங்கும் இங்கும் இடம் மாறி இருக்கும். புதிய பிளக்குக்குள் எல் (ஃபேஸ்), என் (நியூட்ரல்) என்று பொறித்திருப்பதைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும், ஞாபகத்தை நம்பி அல்ல.

உள்ளே வயரின் மேலுறையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கவ்வி இருக்கும். அதை இறுக்காமல் விட்டால் யாராவது வயரைப் பிடித்து இழுக்கும் நாளில் ஸ்குரூவிலிருந்து கம்பி கழன்று வரும். எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், இழுபட்டால் கடைசியாகக் கழலட்டும். ஜி வகை பிளக் என்றால் ஃபியூஸ் தேர்வு: 700 வாட் வரை 3 ஆம்பியர், சிவப்பாக இருக்கும். அதற்கு மேல் 13, பிரவுன் நிறம். எல்லாவற்றுக்கும் 13 போட்டு விடுவது எளிது, டேபிள் ஃபேன் வயர் எரிந்தாலும் அந்த ஃபியூஸ் கண்டுகொள்ளாது. வெட்டியெடுத்த பழைய வார்ப்பு பிளக்கின் பின்னை வளைத்துக் குப்பையில் போடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால், கம்பி தெரியும் வால் ஒட்டிய பிளக் சாக்கெட்டில் போய் உட்கார அதிக நேரம் ஆகாது.

ஸ்குரூ டிரைவர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். உத்தரவாதம் இருக்கும் சாதனம் என்றால், பிளக்கை வெட்டிய அன்றே அது முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

டிரான்ஸ்பார்மர்

வோல்டேஜே ஒத்துப்போகாதபோதுதான் இதன் பேச்சு. அடாப்டர் பின்னை மட்டும் மாற்றும், வோல்டேஜை ஒரு பொட்டுகூட மாற்றாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சந்தையில் இரண்டு ரகம். செம்புச் சுற்றும் இரும்பும் உள்ள நிஜ டிரான்ஸ்பார்மர் ஒன்று. தூக்கினால் கை இழுக்கும், சும்மா மாட்டிவைத்தாலும் முனகும், சூடாகும். ஆனால் வரும் மின்சாரம் ஒழுங்கானது. இன்னொன்று உள்ளங்கையில் அடங்கும் டிராவல் கன்வெர்ட்டர். '1600 வாட்' என்று போட்டிருக்கும், கனமே இருக்காது. அது மின் அலையை நறுக்கிக் குறைத்துக் கொடுக்கும் வித்தை. சாதாரண ஹேர் டிரையர், அயர்னுக்கு மட்டும் ஆகும். எலெக்ட்ரானிக்ஸ், மோட்டார் உள்ளவற்றை அதில் மாட்டக் கூடாது. இந்த இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி அட்டையில் இருப்பதுதான் தொல்லை.

மோட்டார் உள்ள சாதனம் கிளம்பும் கணத்தில் கூடுதலாக இழுக்கும். 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் டிரான்ஸ்பார்மர் என்று கணக்குப் போடாமல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுக்க வேண்டும். இன்னொரு எல்லையும் உண்டு: 120 வோல்ட் வீட்டில் சாதாரண சாக்கெட் 15 ஆம்பியர், அதாவது உச்சத்தில் 1800 வாட். அங்கே 2000 வாட் அயர்னை எத்தனை பெரிய டிரான்ஸ்பார்மர் வைத்தும் முழு வேகத்தில் ஓட்ட முடியாது. சுவரில் அவ்வளவு கிடையாது.

ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை, டிரான்ஸ்பார்மர் தொடாது. 60 ஹெர்ட்ஸ் நாட்டில் வாங்கிய, மின்சாரத்தின் துடிப்பை எண்ணியே ஓடும் கடிகாரத்தை 50 ஹெர்ட்ஸ் நாட்டில் மாட்டினால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். மிக்ஸி, டிரில் போன்ற கார்பன் பிரஷ் மோட்டார்களுக்கு இது பொருட்டில்லை. இண்டக்ஷன் மோட்டாரில் ஓடும் ஃபேன், கிரைண்டர், பழைய வாஷிங் மெஷின் எல்லாம் வேகம் மாறி, சூடாகி, சத்தம் போடும். ஜப்பான் ஒரு வேடிக்கை. 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டரையும், ஒசாகா அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டரையும் வாங்கின. கிழக்கு ஜப்பான் 50, மேற்கு ஜப்பான் 60 என்று ஒரே நாடு இன்றைக்கும் இரண்டாகத்தான் ஓடுகிறது.

ஆகையால் டிரான்ஸ்பார்மரை எதற்கு வாங்கலாம்? அந்த ஊரில் கிடைக்காத, விட மனமில்லாத, மோட்டாரோ எலெக்ட்ரானிக்ஸோ உள்ள ஒரே ஒரு சாதனத்துக்கு. மிக்ஸி, தையல் மெஷின், பழைய ஆம்ப்ளிஃபயர். சூடாக்கும் எதற்கும் வேண்டாம். அயர்ன், கெட்டில், ஹேர் டிரையர், ஹீட்டர் எல்லாவற்றையும் வோல்டேஜ் மாறும் நாட்டுக்குப் போகும்போது பெட்டியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிடுங்கள். அங்கே வாங்குவதுதான் லாபம், பெட்டிக் கனமும் மிச்சம். விதிவிலக்கு ஒன்று, இரட்டை வோல்டேஜ் டிராவல் ஹேர் டிரையர். கைப்பிடியில் நாணயத்தால் திருப்பும் சின்னப் பள்ளம் இருக்கும், ஒரு பக்கம் 125, மறு பக்கம் 250. விமானம் ஏறும் முன்பே 250-க்குத் திருப்பி வைத்துவிடுங்கள். மறந்து 120-ல் மாட்டினால் வெதுவெதுப்பாக ஊதும், அவ்வளவுதான். எதிர்த் திசையில் மறந்தால் என்ன ஆகும் என்று மேலே கணக்குப் போட்டாகிவிட்டது.

என் ஸ்டீம் அயர்னுக்கு வருகிறேன். அடாப்டர்தான் உருகியதே தவிர அயர்னுக்கு ஒன்றும் ஆகவில்லை. லேபிளில் 220-240 வோல்ட், ஜெர்மனியில் 230, குறையே இல்லை. அதற்கு வேண்டியிருந்ததெல்லாம் எர்த்தோடு ஒரு 16 ஆம்பியர் சுக்கோ பிளக். கீழ்வீட்டுப் பெரியவர் தன் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து, நான் வெட்டிய வயர் நுனியை ஒரு முறை பார்த்து, 'இவ்வளவு உறை உரிக்கக் கூடாது' என்று அதை மறுபடி வெட்டி, தானே மாட்டிக் கொடுத்தார். மூன்று வருடம் சட்டை தேய்த்தது. ஊர் திரும்பும்போது அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன், அந்த பிளக்கை இன்னொரு முறை வெட்ட மனமில்லாமல்.